பெரட்டுக் களத்திலிருந்து அணிவகுப்புத் திடல் வரை



பரிசளிப்பு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டவுடன் எனக்கு நினைவுக்கு வந்தது எந்த அரசரும் அல்லர், எந்தப் போரும் அன்று. பள்ளிக்கூட வாசலில் ரப்பர் காலணியோடு வந்து நின்ற ஒரு தாய்தான் நினைவுக்கு வந்தார்.

அவர் மகள் நம் பள்ளியில் படித்தவள். என்னிடம் ஆறாம் ஆண்டு படித்தாள். இன்று பல்கலைக்கழகத்தில் இறுதி ஆண்டில் இருக்கிறாள். படிப்போடு சேர்த்து அங்குள்ள அதிகாரிப் பயிற்சிப் படையிலும் இருக்கிறாள். சனி, ஞாயிறு என்றால் பச்சை உடுப்பு, கனத்த பூட்ஸ், முதுகில் மூட்டை.

"சார், நீங்க சொன்னா கேப்பா. கடைசி வருசம். பரீட்சை இருக்கு. வெயில்ல கருத்துப் போய் வர்றா. இந்தப் பட்டாள வேலையெல்லாம் நமக்கு எதுக்கு சார்? விட்டுடச் சொல்லுங்க" என்றார் அந்தத் தாய்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நானும் தாயின் பக்கம்தான் பேசினேன். அன்று மாலையே அந்தப் பெண்ணைத் தொலைபேசியில் அழைத்து, "படிப்பைப் பாரம்மா, பயிற்சியை விட்டுவிடு" என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "சார், எங்க பாட்டி, எங்க அம்மா எல்லாரும் பெரட்டுல வரிசையா நின்னவங்கதான். எங்க குடும்பத்துல யாரும் வரிசைக்கு முன்னால நின்னதில்ல. இந்த வருசம்தான் நான் முன்னால நிக்கிறேன். இப்ப விடச் சொல்றீங்களே."

எனக்குப் பதில் வரவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தேடிப் புத்தகங்களைப் புரட்டினேன். அந்தத் தேடலில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை. இதைப் பெற்றோர் படித்துப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். பிள்ளைகள் படித்துத் தாத்தா பாட்டிக்கும் சொல்லலாம்.

பெரட்டு என்ற சொல்

"பெரட்டு" என்று நாம் சொல்கிறோமே, அது எங்கிருந்து வந்த சொல்? பட்டாளத்தில் அணிவகுப்பை ஆங்கிலத்தில் "பரேட்" என்பார்கள். அது நம் மக்கள் வாயில் நுழைந்து பெரட்டு ஆயிற்று. விடியுமுன் மணி அடிக்கும். லயத்திலிருந்து ஆணும் பெண்ணும் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார்கள். கிராணியார் பேர் கூப்பிடுவார். யாருக்கு எந்த நிரை, யாருக்கு எந்தக் காடு என்று சொல்லிவிடுவார்கள். பேர் விழுந்தால் சம்பளம், விழாவிட்டால் இல்லை.

ஆக, பட்டாளத்தின் ஒழுங்கு நமக்குப் புதியது அன்று. நூறு ஆண்டுகளுக்கு மேலாக நாம் காலையில் வரிசையில் நின்றவர்கள்தாம். ஆனால் வரிசையில் நிற்பது வேறு, வரிசைக்குப் பொறுப்பேற்பது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கடக்க எத்தனை காலம் ஆயிற்று என்பதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

சிப்பாய் ஆகலாம், அதிகாரி ஆக முடியாது

நம் பேராக் மாநிலத்திலிருந்தே தொடங்குவோம். 1873-ஆம் ஆண்டு லாருட் பகுதியில் ஈயச் சுரங்கக் கலவரம் மூண்டபோது, கேப்டன் ஸ்பீடி என்பவர் இந்தியாவுக்குப் போய்ச் சீக்கியர்களையும் பட்டாணியர்களையும் திரட்டிக் கொண்டுவந்தார். அவர்களே பிறகு பேராக் சீக்கியர் படை ஆனார்கள். 1896-இல் அந்தப் படை மலாய் மாநில வழிகாட்டிப் படை என்று பெயர் மாறியது. தைப்பிங்தான் அதற்குத் தலைமை இடம். 1919-இல் அது கலைக்கப்பட்டது.

கவனியுங்கள். அந்தப் படையில் துப்பாக்கி தூக்கியவர்கள் இந்தியர்கள். தலைமை அதிகாரிகளோ வெள்ளைக்காரர்கள். இந்தியாவிலும் அப்போது அதே நிலைதான். முதல் உலகப் போர் முடியும் தறுவாயில்தான் இந்திய இளைஞர்களுக்கு இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியின் கதவு கொஞ்சம் திறந்தது. இந்தியாவிலேயே அதிகாரிகளைப் பயிற்றும் கல்லூரி டேராடூனில் தொடங்கியது 1932-இல்தான். தமிழகத்துக் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தில் பிறந்த பி. பி. குமாரமங்கலம் இங்கிலாந்தில் பயின்று 1933-இல் அதிகாரியானார். 1966 முதல் 1969 வரை இந்திய ராணுவத்துக்கே தலைமைத் தளபதியாக இருந்தார். ஆனால் அவர் ஜமீன் வீட்டுப் பிள்ளை. தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த வழி ஏது?

மலாயாவில் 1933 மார்ச் முதல் நாள் போர்ட் டிக்சனில் 25 பேரோடு மலாய் ராணுவப் படை தொடங்கியது. 25 பேர் என்றால் நம் பள்ளியின் ஒரு வகுப்பு அளவுதான். இன்று நாட்டைக் காக்கும் பெரும்படையின் வேர் அதுதான்.

கல்லூரி மாணவனும் பட்டாளமும்

படிக்கிற பிள்ளையைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அதிகாரியாகப் பயிற்றலாம் என்ற யோசனை எப்போது வந்தது? இங்கிலாந்தில் 1908-இல் பல்கலைக்கழகங்களில் அதிகாரிப் பயிற்சிப் படை அமைத்தார்கள். திடீரென்று போர் வந்தால் ஒரு சிப்பாயைச் சில மாதங்களில் பழக்கிவிடலாம், ஆனால் அதிகாரியை அப்படிப் பழக்க முடியாது என்பதே காரணம். அமெரிக்காவில் 1916-இல் இதற்குச் சட்டமே போட்டார்கள்.

இந்தியாவில் 1917-இல் பல்கலைக்கழகப் படை தோன்றியது. 1920-இல் அதுவே பல்கலைக்கழகப் பயிற்சிப் படை ஆயிற்று. சுதந்திரத்துக்குப் பிறகு, 1948-இல், தேசிய மாணவர் படை என்று புது வடிவம் எடுத்தது. நீங்கள் தமிழ்த் திரைப்படங்களில் பார்த்திருப்பீர்களே, காக்கி உடுப்பில் கல்லூரி மாணவர்கள், "என்.சி.சி." என்று சொல்வார்களே, அதுதான். அதன் உயர்ந்த சான்றிதழான "சி" சான்றிதழ் பெற்ற பட்டதாரிகளுக்கு ராணுவ அதிகாரிப் பயிற்சிக்குத் தனி நுழைவு வழி உண்டு. சென்னைப் பரங்கிமலையில் 1963-இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளி இன்று அதிகாரிகள் பயிற்சிக் கழகமாக விளங்குகிறது. 1992 முதல் அங்கே பெண்களும் பயிற்சி பெறுகிறார்கள்.

தோட்டத்துப் பெண்கள் துப்பாக்கி எடுத்த காலம்

"பெண் பிள்ளைக்குப் பட்டாளம் எதுக்கு?" என்று கேட்கிறவர்களுக்கு நம் மலாயா மண்ணே பதில் வைத்திருக்கிறது.

1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய ராணுவத்தின் பொறுப்பை ஏற்றார். அதே ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் சிங்கப்பூரில் திறக்கப்பட்டது. தலைமை தாங்கியவர் சென்னையில் மருத்துவம் படித்த டாக்டர் லட்சுமி. அந்தப் படையில் சேர்ந்தவர்களில் மிகப் பலர் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து போன தமிழ்ப் பெண்கள். காலையில் பால் வெட்டிய கைகள் துப்பாக்கி பிடிக்கப் பழகின. இந்தியாவை ஒரு நாளும் கண்ணால் பார்க்காத பெண்கள் இந்தியாவுக்காகப் போனார்கள்.

கோலாலம்பூர் ஜானகி தேவர் அப்போது 18 வயதுப் பெண். படையில் இரண்டாம் நிலைத் தலைமைக்கு உயர்ந்தார். போருக்குப் பின் மலாயா இந்தியர் காங்கிரஸ் உருவாக உழைத்தவர்களில் அவரும் ஒருவர். நமக்குப் பக்கத்து ஊரான ஈப்போவிலிருந்து போனவர் ராசம்மா. வயது 16. இன்றைய கணக்கில் நான்காம் படிவ மாணவி! 1945 ஏப்ரல் கடைசியில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது அந்தப் பெண்களில் பலர் காட்டிலும் மழையிலும் இரவு இரவாக நடந்தார்கள். பகலில் நடந்தால் மேலே விமானம் குண்டு போடும். போர் முடிந்து திரும்பிய ராசம்மா பல்கலைக்கழகம் சென்று ஆசிரியை ஆனார். ராசம்மா பூபாலன் என்ற பெயரில் 1960-இல் ஆசிரியைகளுக்குச் சங்கம் அமைத்தார். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம சம்பளம் கேட்டுப் போராடினார். இன்று நம் பள்ளியில் ஆசிரியையும் ஆசிரியரும் ஒரே சம்பளம் வாங்குகிறோம் என்றால், அதில் அவருடைய பங்கும் இருக்கிறது.

அதே காலத்தில் இந்திய தேசிய ராணுவம் 45 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து ஜப்பானிய ராணுவக் கல்லூரிகளுக்கு அனுப்பியது. "டோக்கியோ கேடட்டுகள்" என்று அவர்களுக்குப் பெயர். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தவுடன் அந்தப் பயிற்சி ஓய்ந்தது. அவர்கள் பட்டாள அதிகாரிகளாக எதிர்பார்த்த வாழ்வு ஒரே நாளில் கலைந்தது. ஆனாலும் கற்றது வீண் போகவில்லை. அவர்களில் ஒருவரான ரமேஷ் பெனகல் பின்னாளில் சுதந்திர இந்தியாவின் விமானப்படையில் ஏர் கமோடர் பதவி வரை உயர்ந்தார்.

வரலாறு எழுதும்போது ஒரு பக்கத்தை மட்டும் காட்டக்கூடாது. நேதாஜியின் படை ஜப்பானியரோடு சேர்ந்து நின்றது. அதே ஜப்பானியர்தாம் நம் தோட்டத்து மக்களைச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். போனவர்களில் ஆயிரக்கணக்கானோர் திரும்பவில்லை. அந்தத் துயரத்தை மறந்துவிட்டு வீரத்தை மட்டும் பாடினால் அது வரலாறு ஆகாது. இரண்டும் நம் குடும்பங்களில் நடந்தவை. ஒரே லயத்தில் ஒரு வீட்டுப் பிள்ளை படைக்குப் போனான், அடுத்த வீட்டுப் பிள்ளை ரயில் பாதைக்குப் போனான்.

அவசர காலமும் சுதந்திரமும்

1948 ஜூன் 16. இந்த நாளை நம் மாவட்டத்துப் பிள்ளைகள் மறக்கக்கூடாது. நம் கோலா கங்சார் மாவட்டத்திலுள்ள சுங்கை சிப்புட் தோட்டங்களில் ஐரோப்பியத் துரைமார்கள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அவசர காலம் அறிவிக்கப்பட்டது. 1960 ஜூலை 31 வரை, 12 ஆண்டுகள் அது நீடித்தது. முள்வேலிக்குள் லயங்கள், ஊரடங்கு, தோட்டத்து வாசலில் சோதனை. வேலைக்குப் போகும்போது சோற்றுப் பொட்டலம்கூடக் கொண்டுபோக முடியாத நாள்கள் இருந்தன என்று முதியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

அந்தக் காலத்தில்தான் சொந்த நாட்டு அதிகாரிகள் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1952-இல் போர்ட் டிக்சனில் ராணுவக் கல்லூரி தொடங்கியது. பின்னர் அது கோலாலம்பூரை அடுத்த சுங்கை பீசிக்கு மாறியது. எல்லா இனத்தவரும் சேரக்கூடிய படைப் பிரிவும் அந்தக் காலத்தில்தான் உருவாயிற்று. சுதந்திரம் பெற்ற மறு ஆண்டு, 1958-இல், அஸ்கார் வத்தானியா என்ற பிரதேசப் படை அமைந்தது. முழுநேரப் பட்டாளம் அன்று. ஆசிரியர், விவசாயி, கடைக்காரர், குமாஸ்தா என்று தத்தம் தொழிலைச் செய்துகொண்டே, ஓய்வு நாளில் பயிற்சி பெற்று, நாடு அழைத்தால் வந்து நிற்கும் படை.

"பெரிய பதவியெல்லாம் நம்மவர்க்கு எங்கே கிடைக்கும்?" என்று சிலர் பெருமூச்சு விடுவார்கள். 1967-இல் நம் நாட்டுக் கடற்படைக்கு உள்நாட்டவர் ஒருவர் முதன்முதலாகத் தலைவரானார். அவர் பெயர் கே. தனபாலசிங்கம். ஒரு தமிழர். அப்போது அவருக்கு வயது 31. இதை நம் பிள்ளைகள் எத்தனை பேர் அறிவார்கள்?

கடைசி ஆண்டில் என்ன நடக்கிறது?

இனி அந்தப் பெண்ணின் பயிற்சிக்கு வருவோம். நம் நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் உள்ள இந்தப் படைக்குப் "பாசுக்கான் லாத்திஹான் பெகாவாய் சிம்பானான்" என்று பெயர். சுருக்கமாகப் பாலாபெஸ். சேமப்படை அதிகாரிகளைப் பயிற்றும் படை என்று பொருள். தரைப்படை, கடற்படை, விமானப்படை என மூன்று பிரிவுகள் உண்டு. ஆண், பெண் இருபாலரும், எல்லா இனத்தவரும் விண்ணப்பிக்கலாம். சுங்கை பீசியில் உள்ள மலேசியத் தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகம் வேறு. அது 1995-இல் ராணுவக் கழகமாகத் தொடங்கி 2006-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அங்கே முழுநேர அதிகாரி ஆகப் போகிறவர்கள் படிக்கிறார்கள். பாலாபெஸ் பயிற்சியாளரோ மற்ற மாணவர்களைப் போலவே பொறியியலோ கணக்கியலோ படித்துக்கொண்டு பயிற்சியும் பெறுகிறார்.

பயிற்சி மூன்று ஆண்டுகள். முதல் ஆண்டில் கட்டளைக்குக் கீழ்ப்படியப் பழகுவார்கள். அணிநடை, துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்துப் பூட்டுவது, உடுப்பு மடிப்புக் கலையாமல் இருப்பது எல்லாம் அப்போதுதான். இரண்டாம் ஆண்டில் வரைபடம் பார்த்துக் காட்டில் வழி கண்டுபிடிப்பது, சிறு குழுவை நடத்துவது.

மூன்றாம் ஆண்டில்தான் விஷயமே இருக்கிறது. அதுவரை பெற்ற கட்டளையை இனித் தாமே கொடுக்க வேண்டும். ஏறக்குறைய முப்பது பேர் கொண்ட அணியை நடத்தும் பொறுப்பைப் பழகுகிறார்கள். எடுத்தோம் கவிழ்த்தோம் என்று கட்டளை கொடுக்க முடியாது. அதற்கு ஒரு முறை உண்டு. தரையில் மண்ணையும் குச்சியையும் வைத்து இடத்தின் மாதிரியைச் செய்துகொள்வார்கள். இது ஆறு, இது மேடு, இது பாதை. பிறகு ஐந்து தலைப்பில் கட்டளை சொல்வார்கள். நிலைமை என்ன? நம் நோக்கம் என்ன? அதை எப்படிச் செய்யப் போகிறோம்? சோறு, தண்ணீர், மருந்து, தோட்டாவுக்கு என்ன ஏற்பாடு? யார் தலைமை, செய்தி எப்படிப் போய்ச் சேரும்? இந்த ஐந்தில் ஒன்றை மறந்தாலும் முப்பது பேர் தடுமாறுவார்கள்.

பெற்றோர்களே, ஒரு கல்யாண வீட்டு வேலையைப் பொறுப்பெடுத்துச் செய்பவருக்கும் இதே ஐந்து கேள்விதானே? ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கும் இதே கேள்விதானே? துப்பாக்கியை விட இதுதான் பெரிய பாடம் என்று எனக்குப் படுகிறது.

ஆண்டு முகாம் ஏறக்குறைய இரண்டு வாரம். தூக்கம் குறைவு. மழையில் நனைந்த துணியோடு படுக்க வேண்டும். களைத்துப்போன நேரத்தில்தான் "இப்போது நீ தலைவர், என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்பார்கள். களைப்பில் எரிந்து விழுபவரா, மற்றவர் சாப்பிட்டார்களா என்று பார்த்துவிட்டுத் தாம் சாப்பிடுபவரா என்பது அங்கே தெரிந்துவிடும்.

எல்லாவற்றிலும் தேறியவருக்கு நியமன விழா நடக்கும். மாமன்னர்தாம் நம் ஆயுதப் படைகளின் தலைவர். நியமனப் பத்திரம் அவர் பெயரால் வழங்கப்படும். நம் அரச நகரமான கோலா கங்சாருக்கு இது நெருக்கமான செய்தி. பேராக் சுல்தான் அஸ்லான் ஷா 1989 முதல் 1994 வரை மாமன்னராக வீற்றிருந்தார் அல்லவா? நியமனம் பெற்றவர் அஸ்கார் வத்தானியாவில் லெப்டினன் மூடா, அதாவது இளநிலை லெப்டினன்ட். விரும்பினால் முழுநேரப் படைக்கும் விண்ணப்பிக்கலாம். இல்லையேல் ஆசிரியராகவோ பொறியாளராகவோ வேலை செய்துகொண்டே சேமப்படையில் தொண்டாற்றலாம். "பட்டாளத்துக்குப் பிடிச்சிட்டுப் போயிடுவாங்க" என்ற பயம் வேண்டாம்.

ஆனால் ஒன்று. இறுதி ஆண்டைப் பாதியில் விட்டால் முதல் இரண்டு ஆண்டு உழைப்புக்கும் நியமனம் கிடையாது. மரத்தை வெட்டி, பால் வடிந்து, மங்கு நிறைந்த பிறகு எடுக்காமல் வீட்டுக்குப் போவது போலத்தான். அந்தப் பெண்ணை விடச் சொன்ன நான் இதை அறியாமல் சொன்னேன். ஆசிரியர் சொன்னால் பிள்ளை கேட்கும். அதனாலேயே ஆசிரியர் தெரியாததைச் சொல்லக்கூடாது என்பதை அன்று நான் கற்றேன்.

முடிவாகச் சில சொல்

எல்லாப் பிள்ளைகளும் உடுப்பு மாட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. போர் நல்லது என்றும் சொல்லவில்லை. போரைக் கண்டவர்கள் நம் முன்னோர். அதன் விலை நமக்குத் தெரியும். பரீட்சை கெடும் என்று அந்தத் தாய் பயந்ததும் நியாயம்தான். படிப்பில் தேறாமல் உடுப்பு மட்டும் இருந்து பயனில்லை. நேரத்தைப் பங்கிட்டுப் பழகாத பிள்ளைக்கு இந்தப் பயிற்சி சுமையாகவே இருக்கும்.

நான் சொல்வது ஒன்றே ஒன்று. "இது நமக்கு எதுக்கு?" என்ற கேள்வியைப் பிள்ளை காதில் போடுவதற்கு முன் ஒரு தடவை யோசியுங்கள். அந்தக் கேள்வியை ஈப்போவில் ஒரு வீட்டில் கேட்டு, அந்த வீட்டுப் பெண்ணும் கேட்டு அடங்கியிருந்தால் நமக்கு ஒரு ராசம்மா கிடைத்திருக்க மாட்டார்.

தேடிப் படித்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாயின் வீட்டுக்குப் போனேன். கோப்பி போட்டுக் கொடுத்தார். ஜான்சி ராணிப் படையைப் பற்றிச் சொன்னேன். இடையில் பேசாமல் கேட்டார். பிறகு, "எங்க அப்பாயி கூடப் பொறந்தவ ஒருத்தி அந்தப் படைக்குப் போனான்னு சொல்வாங்க சார். நாங்க அத யார்கிட்டயும் பேசினதில்ல" என்றார். சற்று நேரம் கழித்து, "அந்த விழாவுக்குப் பெத்தவங்கள உள்ள விடுவாங்களா?" என்று கேட்டார்.

"விடுவார்கள் அம்மா. விசாரித்து வையுங்கள்" என்றேன்.

இதை எழுதும் நாளில் அந்தப் பெண்ணுக்கு ஆண்டு முகாம் இன்னும் பாக்கி. பரீட்சையும் பாக்கி. தேறுவாளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் வரிசைக்கு முன்னால் நின்று முப்பது பேரின் முகத்தைப் பார்த்துவிட்டாள். அதை அவளிடமிருந்து இனி யாரும் எடுத்துவிட முடியாது.

இன்று பரிசு வாங்க மேடை ஏறும் மாணவச் செல்வங்களே, வரிசையில் ஒழுங்காக நில்லுங்கள். ஒரு நாள் வரிசைக்கு முன்னாலும் நிற்க ஆயத்தமாகுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!